பாம்புத் தீவில் பாம்பு இல்லை

மூன்று வருடங்களுக்கு முன்பு சிலாங்கூரில் ஒரு வீடமைப்புத் திட்டத்தில் சைட் இன்ஜினியராக இருந்தேன். செம்பனைத் தோட்டமாக இருந்த நிலம். ஒருநாள் காலை பழைய லோங்காங் கரையைத் தோண்டிக்கொண்டிருந்த எக்ஸ்கவேட்டர் பாதியில் நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்து, "பாஸ், சாவா" என்றார். போய்ப் பார்த்தேன். கரைப் பொந்துக்குள் மலைப்பாம்பு ஒன்று சுருண்டு கிடந்தது. சுருளுக்கு நடுவில் வெள்ளையாக முட்டைகள்.

அதற்குள் ஒருவர் பாராங்கை எடுத்துவிட்டார். நான் தடுத்தேன். பாம்புமேல் எனக்குப் பாசமெல்லாம் கிடையாது. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது பாதுகாக்கப்பட்ட விலங்கு, கேஸ் ஆனால் வேலை நின்றுவிடும், அவ்வளவுதான். பாம்பு பிடிக்கிறவர்களைக் கூப்பிட்டோம். வந்தார்கள், அரைமணி நேரத்தில் சாக்கில் போட்டுக் கொண்டுபோனார்கள். எங்கேயோ காட்டில் விட்டுவிடுவார்கள் என்று சொன்னார்கள். நாங்கள் படம் எடுத்து வாட்ஸாப்பில் போட்டோம், கட்டைவிரல்கள் குவிந்தன. முட்டைகளை யாரும் எடுக்கவில்லை. மழைக்கு முன்னால் அந்த வடிகாலை முடிக்க வேண்டியிருந்தது. "சரி, தோண்டுங்க" என்று சொன்னது நான்தான்.

ராத்திரி அப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் தோட்டத்தில் முப்பது வருடம் உழைத்தவர். புற்றுக்குப் பால் ஊற்றுவார், அதே பாம்பு வீட்டுக்குள் வந்தால் அடிப்பார். அதில் அவருக்கு எந்தக் குழப்பமும் இருந்ததில்லை. முழுக்கதையையும் கேட்டுவிட்டு, "பாம்பக் காப்பாத்திட்டீங்க, சரி. அது படுத்திருந்த எடம்?" என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. சாவா அருகிவரும் இனம் ஒன்றும் இல்லை, நம் ஊர் சாக்கடைகளில் தாராளமாகக் கிடைக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் கேள்வி போகவில்லை. ஒரு பாம்பைக் காப்பாற்றுவது என்றால் எதைக் காப்பாற்றுவது? படிக்கத் தொடங்கினேன். படித்துப் படித்துக் கடைசியில் வந்து நின்றது இந்தியப் பெருங்கடலில் ஒரு பாறையில்.

மொரிசியஸை நமக்குத் தெரியும். ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து உள்ள நாடு, நம் தாத்தா பாட்டிகள் இங்கே வருவதற்கு முன்பே கரும்பு வெட்டக் கப்பலேறிய கூலிகள் போய் இறங்கிய இடம், டோடோ பறவை செத்துப்போன இடம். அதன் வடக்குக் கரையிலிருந்து சுமார் 22 கிலோமீட்டர் தள்ளிக் கடலுக்குள் இரண்டு சின்னத் தீவுகள் இருக்கின்றன. ஒன்றின் பெயர் வட்டத் தீவு, இன்னொன்றின் பெயர் பாம்புத் தீவு. வட்டத் தீவு வட்டமாக இல்லை, அதில் பாம்பு உண்டு. பாம்புத் தீவு கிட்டத்தட்ட வட்டம், அதில் ஒரு பாம்பும் இல்லை. பழைய வரைபடம் வரைந்த யாரோ ஒருவர் பெயர்களை மாற்றி எழுதிவிட்டார் என்று சொல்வார்கள். டிராயிங்கில் இந்த மாதிரித் தப்பு வந்தால் நாங்கள் திருத்தி மறுபதிப்பு விடுவோம். இதை யாரும் திருத்தவில்லை.

வட்டத் தீவு என்பது எரிமலைச் சாம்பல் இறுகி உருவான மேடு. இருநூறு ஹெக்டேர் சொச்சம் பரப்பு, 280 மீட்டர் உயரம். துறைமுகம் இல்லை, மணல் கரை இல்லை. அலை மேலே தூக்கும் நொடியில் படகிலிருந்து பாறைமேல் தாவ வேண்டும், தப்பினால் கடல். மனிதனுக்கு வசதிப்படாத இந்த இடம்தான் பாம்புகளுக்கு வசதியாக இருந்தது. மொரிசியஸ் பெருந்தீவிலும் ஒருகாலத்தில் இதே பாம்புகள் இருந்தன, சதுப்பு மண்ணில் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. ஆனால் கப்பல்களோடு எலிகள் வந்து இறங்கின, பாம்புகள் போயின. பின்னால் ஆசியாவிலிருந்து ஓநாய்ப்பாம்பும் வந்து சேர்ந்தது. நம் பக்கத்து வீடுகளில் சுவரேறிப் பல்லி பிடிக்குமே, அந்தக் குடும்பம்தான். வட்டத் தீவில் மட்டும் எலி ஏறவே இல்லை. கப்பல் கட்ட முடியாத கரை என்பதால் தப்பித்தது.

அங்கே இரண்டு வகைப் பாம்புகள் இருந்தன. இரண்டையும் போவா என்று அழைத்தாலும் உண்மையான போவாக் குடும்பத்தில் அவை சேரா. அவற்றுக்கென்று தனிக் குடும்பம், உலகத்தில் வேறெங்கும் கிடையாது. அந்தக் குடும்பத்தின் அடையாளம் மேல்தாடை. நமக்கு, பறவைக்கு, பல்லிக்கு, மற்ற எல்லாப் பாம்புக்கும் மேல்தாடையெலும்பு பக்கத்துக்கு ஒரே துண்டாக இருக்கும். இவற்றுக்கு அது முன்னும் பின்னுமாக இரண்டாகப் பிளந்து, நடுவில் ஒரு மூட்டு வைத்து அசையும். கடினமான, வழுக்கும் செதில் கொண்ட அரணைகளை இறுக்கிப் பிடிக்க இது உதவுகிறது என்று ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். இதைப் படித்த அன்று மெக்கானிக்கல் பிரிவில் வேலை பார்க்கும் நண்பனுக்கு அனுப்பினேன். "கிளாம்ப் டிசைன் சூப்பர்" என்று பதில் போட்டான்.

இரண்டில் ஒன்று காசாரியா டுசுமியேரி. ஒன்றரை மீட்டர் வரை வளரும், பகலில் கருத்தும் இரவில் வெளுத்தும் நிறம் மாற்றும், ராத்திரியில் பல்லிகளையும் அரணைகளையும் தேடித் திரியும். பெரும்பாலான போவாக்களைப் போலக் குட்டி போடாமல் முட்டையிடும். குஞ்சுகள் பளிச்சென்று ஆரஞ்சு நிறத்தில் இருக்கும், வளர வளரச் சாம்பலாகும். 1837இல் இதற்குப் பெயர் வைத்தவர் ஷ்லேகல். பெயரில் இருப்பவர் டுசுமியே என்ற பிரெஞ்சு வியாபாரி. கப்பலில் சரக்கோடு சரக்காக உயிரினங்களையும் பிடித்துப் பாரிஸுக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர். நம் மீன் சந்தையில் விற்கும் தம்பான் மீன்களில் ஒரு வகைக்கும் அறிவியல் பெயரில் அவர்தான் இருக்கிறார். இன்னொன்று பொலியேரியா, மண்ணுக்குள் வாழ்ந்த பாம்பு. இதைப்பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஏன் இல்லை என்பதற்குப் பிறகு வருகிறேன்.

எலி ஏறாத தீவில் மனிதர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆடுகளையும் முயல்களையும் கொண்டுபோய் விட்டார்கள். அந்தக் காலத்தில் ஆளில்லாத தீவுகளில் இப்படி விடுவது ஒரு வழக்கம். வேட்டைக்கும் ஆகும், கப்பல் உடைந்து கரை ஒதுங்குபவனுக்குச் சாப்பாட்டுக்கும் ஆகும். 1860களின் கடைசியில் மொரிசியஸில் அமெரிக்கத் தூதராக இருந்த நிக்கலஸ் பைக் அங்கே ஏறிப் பார்த்துத் தன் பயண நூலில் எழுதியிருக்கிறார். அப்போது பனைக்காடு ஓரளவு இருந்தது.

முயல் பாம்பைத் தின்னாது. ஆடும் தின்னாது. அவை தின்றது கன்றுகளை. வளர்ந்த பனைகளை அவற்றால் ஒன்றும் செய்ய முடியவில்லை, ஆனால் விழுந்த விதை முளைத்து இரண்டு இலை விட்டதும் கடித்துவிடும். அதனால் தூரத்திலிருந்து பார்த்தால் தீவில் மரம் இருக்கிற மாதிரித்தான் தெரியும். உள்ளே ஒரு மரத்துக்கும் வாரிசு இல்லை. கிழடுகள் புயலில் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. கடின மரக்காடு முற்றிலும் போனது, பனைகள் மிஞ்சின. வேர் இல்லாத சரிவில் மழை பெய்தால் என்ன ஆகும் என்று மண் வேலை செய்பவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மண் வழிந்து கடலுக்குப் போனது, வெறும் பாறையில் பள்ளங்கள் வெட்டின. பனையோலைச் சருகு இல்லாத இடத்தில் பல்லி இல்லை, பல்லி இல்லாத இடத்தில் பாம்பு இல்லை. நூறு வருடங்களுக்கு மேலாக யாரும் ஒரு பாம்பைக்கூட அடிக்காமலே பாம்புகள் குறைந்துகொண்டு வந்தன.

சட்டம் உள்ளே வந்தது 1957இல். மொரிசியஸ் அருங்காட்சியகக் கழகத்தின் இயக்குநராக இருந்த ஜான் வின்சன் போன்றவர்கள் தீவுக்குத் திரும்பத் திரும்பப் போய், அழிவை எழுதி எழுதி எச்சரித்துக்கொண்டிருந்த காலம். அந்த ஆண்டு வட்டத் தீவு இயற்கைக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அனுமதி இல்லாமல் யாரும் கால் வைக்கக்கூடாது. நல்ல சட்டம்தான். ஆனால் முயல் அனுமதி கேட்டு வரவில்லை, ஏற்கெனவே உள்ளே இருந்தது. காப்பகமாக அறிவித்த பிறகும் இருபது வருடங்களுக்கு மேல் ஆடு மேய்ந்தது, முப்பது வருடங்கள் முயல் மேய்ந்தது. இந்த இடத்தில்தான் எனக்கு அப்பாவின் கேள்வி முதலில் உறைத்தது. சட்டம் மனிதக் கைக்கு விலங்கு போடும். இங்கே கொன்றுகொண்டிருந்தது கையே இல்லை.

அடுத்து வந்த சட்டத்தின் கதை இன்னும் கொடுமை. அருகிவரும் உயிரினங்களின் உலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தம் 1975 ஜூலை 1ஆம் தேதி அமலுக்கு வந்தது. அடுத்த மாதம், அதாவது ஆகஸ்ட் 1975இல், மண்வாழ் பொலியேரியாவை வட்டத் தீவில் ஒருவர் பார்த்தார். அதுதான் கடைசி. அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. அது மண்ணுக்குள் வாழும் பாம்பு, மண் கடலில் இருந்தது. இரண்டு பாம்புகளும் சைட்டீஸின் முதல் இணைப்பில், மிகக் கடுமையான பாதுகாப்புத் தரும் பட்டியலில், இடம்பெற்றன. யார் கடத்தப் பார்த்தார்கள் அவற்றை?

1976இல் தீவில் வந்து இறங்கியவர் ஜெரால்ட் டரல். ஜம்ஷெட்பூரில் பிறந்த ஆங்கிலேயர், நகைச்சுவையாக எழுதும் எழுத்தாளர், பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் நடுவில் உள்ள ஜெர்சித் தீவில் 1959இல் சொந்தமாக மிருகக்காட்சிசாலை தொடங்கியவர். அழியும் நிலையில் உள்ள விலங்குகளைக் கூண்டில் வைத்து இனம்பெருக்கித் திரும்ப அனுப்புவதற்காகத்தான் மிருகக்காட்சிசாலை இருக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். அதற்காக 1963இல் ஓர் அறக்கட்டளை வைத்தார், அதன் சின்னமாக மொரிசியஸின் டோடோவைத் தேர்ந்தெடுத்தார். அப்போதைய மொரிசியஸ் வனத்துறையின் தலைவர் வஹாப் ஓவாடலியின் துணையோடு அவர் செய்த பயணங்களை 1977இல் ஒரு புத்தகமாக எழுதினார், பொன் வௌவால்களும் இளஞ்சிவப்புப் புறாக்களும் தலைப்பில் வரும். டரலின் புத்தகங்களைச் சிரிப்புக்காகப் படிக்கிறவர்கள் உண்டு. நான் வட்டத் தீவுப் பகுதிகளைப் படித்தபோது சிரிப்பு கொஞ்சம்தான் வந்தது.

அரசின் அனுமதியோடு தீவின் அரணைகள், பல்லிகள், அடுத்தடுத்த பயணங்களில் ஒரு சில காசாரியாக்கள் ஜெர்சிக்குப் போயின. குளிர்நாட்டில், கண்ணாடிப் பெட்டிகளில். அரணையும் பல்லியும் பிரச்சினை பண்ணாமல் பெருகின. பாம்பு பெருகவில்லை. இதைப் பார்த்துக்கொண்டவர்கள் குவென்டின் பிளாக்சம், சைமன் டோங் ஆகியோர். பழகாத ஒரு மிருகத்தை வளர்ப்பதில் இருக்கும் சிக்கல் என்னவென்றால், கையேடு கிடையாது. எவ்வளவு ஈரம் வேண்டும், எத்தனை டிகிரி வேண்டும், ஆணும் பெண்ணும் எப்போது சேரும், முட்டை எவ்வளவு நாள் எடுக்கும், எதுவும் யாருக்கும் தெரியாது. வட்டத் தீவுக்குப் போய்ப் பாம்புக்குப் பின்னால் உட்கார்ந்து குறிப்பெடுக்கவும் முடியாது. கமிஷனிங் ரிப்போர்ட் இல்லாத ஒரு பழைய இயந்திரத்தை இயக்கிப் பார்ப்பதுபோல ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டியதுதான்.

1982இல் முதன்முதலாக முட்டை பொரித்தது. உலகத்தில் எங்குமே கூண்டில் பிறந்திராத பாம்பு, ஆரஞ்சு நிறத்தில், பென்சில் பருமனில். அதோடு கதை முடியவில்லை, குஞ்சுகள் சாப்பிட மாட்டேன் என்றன. வளர்ந்த பாம்பு எலிக்குப் பழகும். குஞ்சுக்குத் தெரிந்தது பல்லி ஒன்றுதான். மிருகக்காட்சிசாலையில் சுண்டெலி எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கும், தினம் தினம் பல்லிக்கு எங்கே போவது? சாப்பாட்டுக்கு ஒரு தீவையே பெட்டிக்குள் கொண்டுவர வேண்டியிருந்தது. குஞ்சுகளுக்கு ஊட்டுவது வருடக்கணக்கில் அவர்களுக்குத் தலைவலியாக இருந்தது.

இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன். கூண்டில் வளர்ப்பது என்றதும் வெற்றிக்கதைகள்தான் நமக்குச் சொல்லப்படும். நம் நாட்டில் நடந்ததும் கூண்டில் வளர்ப்புதான். 1980களில் சுமத்ராக் காண்டாமிருகங்களைக் காட்டிலிருந்து பிடித்து வந்து இனம்பெருக்கப் பார்த்தார்கள். முப்பது வருடங்களுக்கு மேல் போனது. 2019 மே மாதம் சபாவில் தாம் இறந்தது, நவம்பரில் இமான் இறந்தது. மலேசியாவில் அந்த இனம் அத்தோடு முடிந்தது. அப்போது நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. மதிய சாப்பாட்டின்போது கைப்பேசியில் செய்தியைப் பார்த்தேன். எதிரில் உட்கார்ந்திருந்த அண்ணனிடம் காட்டினேன். "ஓ, இன்னும் இருந்துச்சா?" என்றார். அதனால் ஜெர்சியில் பாம்பு முட்டை பொரித்ததை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் பொரித்ததால் இனம் காப்பாற்றப்பட்டது என்று எழுதிவிட்டுப் போகவும் முடியவில்லை.

ஏனென்றால் 1982இல் வட்டத் தீவில் முயல் மேய்ந்துகொண்டுதான் இருந்தது. ஜெர்சியில் ஆயிரம் பாம்பு பிறந்திருந்தாலும் கொண்டுபோய் விட அங்கே இடம் இல்லை. நான் எப்போதும் ஜெனரேட்டரோடு இதை ஒப்பிட்டுப் பார்ப்பேன். மருத்துவமனையில் மின்சாரம் போனால் ஜென்செட் ஓடும். அது உயிரைக் காக்கும், சந்தேகமே இல்லை. ஆனால் ஜென்செட் ஓடுகிறது என்பதற்காகக் கேபிளைப் பழுதுபார்க்காமல் விடுகிறவன் பைத்தியக்காரன். டீசல் தீரும்.

கேபிளைச் சரிசெய்த கதை பத்திரிகைகளில் அவ்வளவாக வராது. ஆரஞ்சுக் குஞ்சை உள்ளங்கையில் வைத்துப் படமெடுக்கலாம், செத்த முயலை எப்படிப் படமெடுப்பது? ஆடுகளைச் சுட்டு 1979க்குள் முடித்தார்கள். முயல்களைச் சுட்டுத் தீர்க்க முடியாது, பொந்துக்குள் இரண்டு தப்பினால் போதும், சில வருடங்களில் மறுபடி தீவு நிறைந்துவிடும். 1986இல் நியூசிலாந்து வனவிலங்குத் துறையின் டான் மெர்டன் வந்தார். தீவுகளிலிருந்து வந்தேறி விலங்குகளை ஒழிப்பதில் நியூசிலாந்துக்காரர்கள்தான் கைதேர்ந்தவர்கள். தீவு முழுக்க நஞ்சு கலந்த இரை வைக்கப்பட்டது. கடைசி முயல்வரை போனது.

எழுதுவதற்கு எளிதாக இருக்கிறது. ஆயிரக்கணக்கான முயல்கள், நஞ்சு. அவை தாமாக அந்தப் பாறைக்கு வரவில்லை, யாரோ கொண்டுபோய் விட்டதால் அங்கே பிறந்தவை. பாம்புக்காக முயலைக் கொல்லலாமா என்று என்னிடம் யாராவது கேட்டால், இந்த விஷயத்தில் ஆமாம் என்றுதான் சொல்வேன். முயலுக்கு உலகம் முழுக்க இடம் இருக்கிறது, பிளந்த தாடைக்கு அந்த ஒரு பாறைதான். ஆனாலும் சொல்லும்போது வாய் கொஞ்சம் தடுமாறும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முயல் போன சில வருடங்களிலேயே பனைக்கன்றுகள் தலைகாட்டின. லத்தானியே என்று மொரிசியஸில் சொல்லும் விசிறிப்பனைகளின் கன்றுகள், நூறு வருடமாக வளர முடியாமல் இருந்தவை, கூட்டமாக எழுந்தன. முயல் இதுவரை அடக்கி வைத்திருந்த வெளிநாட்டுக் களைகளும் சேர்ந்து கிளம்பின, அதையும் சொல்ல வேண்டும். 2007இல் அங்கே பெரிய ஆமைகளைக் கொண்டுபோய் விட்டார்கள். ஒருகாலத்தில் அங்கே மேய்ந்து அழிந்துபோன ஆமைகளின் வேலையை இவை பார்க்கட்டும் என்று. மேய்கிற விலங்கால் கெட்ட தீவுக்கு மறுபடி ஒரு மேய்கிற விலங்கையே கொண்டுபோனது வேடிக்கைதான், ஆனால் அந்தச் செடிகள் ஆமை வாய்க்குப் பழகியவை, முயல் பல்லுக்கு அல்ல.

சொல்லாமல் விட்ட ஒன்று. அந்தத் தீவின் இன்னொரு பனை பாட்டில் பாம். அடி பருத்து, கழுத்து மெலிந்து, சோடா பாட்டில் மாதிரி இருக்குமே, டாமான் வீட்டு வாசலில், வங்கி முன்னால், கொண்டோமினியம் நீச்சல்குளத்தின் ஓரத்தில். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அது இல்லாத தெரு குறைவு. அதன் சொந்த ஊர் வட்டத் தீவு. முயல் மேய்ந்த நாட்களில் அங்கே அது விரல்விட்டு எண்ணிவிடும் அளவுக்குக் குறைந்துவிட்டது. உலகம் முழுக்கத் தொட்டியில் லட்சக்கணக்கில், பிறந்த மண்ணில் ஒரு கைப்பிடி. கூண்டில் வளர்ப்பது என்றால் என்ன என்று யாராவது என்னிடம் கேட்டால் இனி காண்டாமிருகத்தைச் சொல்ல மாட்டேன், பக்கத்து வங்கி வாசலைக் காட்டுவேன்.

தீவு தேறிய பிறகு பாம்பு பெருகியது. பிறகு இன்னொரு யோசனை வந்தது. எல்லாப் பாம்பும் ஒரே பாறையில் இருந்தால் ஒரு தீ, கப்பலிலிருந்து தப்பி ஏறும் ஒரு கர்ப்பிணி எலி போதும். 1975 பிப்ரவரியில் மொரிசியஸைப் புரட்டிப் போட்ட ஜெர்வேஸ் மாதிரிப் புயல்கள் வேறு. அதனால் மொரிசியஸ் கரைக்குப் பக்கத்தில் உள்ள கன்னர்ஸ் கொய்ன் தீவைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கேயும் ஒருகாலத்தில் இந்தப் பாம்பு இருந்தது, பத்தொன்பதாம் நூற்றாண்டில் எலி ஏறியதும் போய்விட்டது. 1995இல் அந்தத் தீவின் எலிகளையும் காட்டுமுயல்களையும் ஒழித்தார்கள். 2007இல் பெரிய அரணைகளைக் கொண்டுபோய் விட்டார்கள், அதாவது முதலில் சாப்பாடு. 2012இல் காசாரியாக்களைக் கொண்டுபோய் விட்டார்கள். ஏறத்தாழ 150 வருடங்களுக்குப் பிறகு அங்கே பாம்பு ஊர்ந்தது.

அந்தப் பாம்புகள் ஜெர்சியிலிருந்து வரவில்லை. வட்டத் தீவிலேயே பிறந்து வளர்ந்தவை, பிடித்துப் பக்கத்துத் தீவுக்கு மாற்றினார்கள். இதைப் படித்தபோது சப்பென்று ஆகிவிட்டது எனக்கு. அப்படியானால் அந்த முதல் முட்டை, பல்லிக்கு அலைந்த வருடங்கள், எல்லாம் எதற்கு? சில நாட்கள் யோசித்துப் பார்த்தேன். 1978க்கும் 1986க்கும் நடுவில் தீவுக்கு ஏதாவது ஆகியிருந்தால் மிஞ்சியிருக்கக்கூடிய பாம்புகள் ஜெர்சியின் கண்ணாடிப் பெட்டிகளில் இருந்தவை மட்டும்தான். ஆகவில்லை. ஆகாததால் ஜென்செட் வீண் என்று சொல்லிவிட முடியுமா? அதோடு, முட்டையிலிருந்து சாப்பாடுவரை அந்தப் பாம்பைப் பற்றி இன்று தெரிந்ததில் பாதி அங்கே கற்றுக்கொண்டது.

ஜெர்சியிலிருந்து திரும்பி வந்தவர் ஒருவர் உண்டு, பாம்பு அல்ல, மனிதர். டரல் அங்கே வளரும் நாடுகளின் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கியபோது 1977இல் முதல் மாணவராகப் போனவர் மொரிசியஸைச் சேர்ந்த யூசுஃப் முங்ரூ. பின்னாளில் அவர்தான் நாட்டின் முதல் தேசியப் பூங்காவுக்குப் பொறுப்பாளராக ஆனார். டரல் தொடங்கிய வேலையில் மொரிசியஸுக்கு அதிகம் பயன்பட்டது இதுதான் என்பது என் எண்ணம். வெளிநாட்டு நிபுணர் கிளம்பிப் போன பிறகு கோப்பைத் திறந்து பார்க்க உள்ளூரில் ஓர் ஆள் வேண்டும். இன்று வட்டத் தீவில் களநிலையம் வைத்து முறைபோட்டுத் தங்கி வேலை பார்க்கிறவர்கள் அரசின் தேசியப் பூங்காத் துறையும் மொரிசிய வனவிலங்கு அறக்கட்டளையும்தான். ஹெலிகாப்டரிலோ படகிலோ ஆளும் சாமானும் போகும்போது பெட்டியில் விதை ஒட்டியிருக்கிறதா, பல்லி ஒளிந்திருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துதான் ஏற்றுகிறார்கள். 1957இன் சட்டத்துக்கு இப்போதுதான் வேலை வந்திருக்கிறது. முயல் இல்லாத தீவில், புதிதாக ஒன்று ஏறாமல் பார்த்துக்கொள்ள அனுமதிச் சீட்டு உண்மையிலேயே உதவும்.

அதனால் சட்டம் வெறும் காகிதம் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் அது யாருக்கு வலிக்கிறது என்று பார்த்துத்தான் வளைகிறது. மொரிசியஸ் 1993இல் வனவிலங்கு, தேசியப் பூங்காச் சட்டம் கொண்டுவந்தது, 2015இல் அதைப் புதுப்பித்து இன்னொன்று. இந்த 2015 சட்டத்தின் பலத்தில்தான் அதே வருடம் நாட்டின் சொந்தப் பழந்தின்னி வௌவால்களில் முப்பதாயிரத்துக்கும் மேல் அரசு சுட்டுத் தள்ளியது. லிச்சிப் பழத்தைத் தின்கின்றன என்று பழத்தோட்டக்காரர்கள் புகார் சொன்னார்கள். வட்டத் தீவுப் பாம்பு யாருடைய பழத்தையும் தின்னவில்லை. யாரும் குடியேறாத, எதுவும் பயிரிட முடியாத பாறையில் அது வாழ்ந்தது. அதைக் காப்பாற்ற ஒருவரும் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அது வௌவாலாகவோ, செம்பனைத் தோட்டத்துச் சாவாவாகவோ இருந்திருந்தால் இந்தக் கட்டுரையை வேறு மாதிரி எழுத வேண்டி வந்திருக்கும்.

பொலியேரியாவுக்கு வருகிறேன் என்று சொன்னேன். முயல்கள் போவதற்குப் பதினோரு வருடங்களுக்கு முன்னால் அது கடைசியாகக் கண்ணில் பட்டது. அதை யாரும் கூண்டில் இனம்பெருக்கவில்லை. டரல் வந்தபோது தேடினார்கள், பிறகும் தேடினார்கள், கிடைக்கவில்லை. என்ன சாப்பிட்டது, எப்போது வெளியே வந்தது என்பதெல்லாம் பெரும்பாலும் உடலமைப்பைப் பார்த்துச் சொல்லும் ஊகம்தான். அருங்காட்சியகச் சாடிகளில் சில உடல்கள் உள்ளன. அற்றுப்போன இனம் என்று அறிவித்தாகிவிட்டது. சைட்டீஸ் பட்டியலைப் போன வாரம் திறந்து பார்த்தேன். முதல் இணைப்பில் அதன் பெயர் இன்னும் இருக்கிறது.

சிலாங்கூர்த் திட்டம் முடிந்து வீடுகளில் ஆள் வந்துவிட்டார்கள். பொந்து இருந்த இடத்தில் இப்போது கான்கிரீட் வடிகால், மேலே நடைபாதை. ஒப்படைப்பதற்கு முன்னால் லேண்ட்ஸ்கேப் வரைபடத்தைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நான். நடைபாதை ஓரமாக, மூன்று மீட்டர் இடைவெளியில், பாட்டில் பாம் 24 என்று போட்டிருந்தது. அப்போது அது எந்த ஊர் மரம் என்று எனக்குத் தெரியாது.